தோழிக்கு ஓர் ஆபரேஷன்

தனக்கென்று எதையுமே கேட்காத ஒரு தியாகி இனம் இந்த உலகத்தில் இருக்கிறது. மூலத்துக்குக் களிம்பு என்றால் அது மாமாவுக்கு. பேன் மருந்து என்றால் பக்கத்து வீட்டுக்காரிக்கு. விவாகரத்து பற்றி வக்கீலிடம் விசாரித்தால், அதுவும் கூட வேலை பார்க்கும் யாரோ ஒரு பாவப்பட்ட ஜீவனுக்கு. இவர்களுக்குச் சொந்தமாக ஓர் அரிப்புகூடக் கிடையாது. அடுத்தவர் அரிப்பைச் சொறியவே பிறந்தவர்கள்.

இவர்களை மோப்பம் பிடிப்பதில் நம் மருந்துக்கடைக்காரியை அடித்துக்கொள்ள ஆளில்லை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் "ஃப்ரெண்டுக்கு..." என்று குரல் கம்மும்போதே இவர் கை களிம்பை எடுத்துவிடும். "உங்க ஃப்ரெண்டைப் பாத்து உக்காரச் சொல்லுங்க" என்பார், முகத்தில் சிரிப்பைக் காட்டாமல். ஆள் படியிறங்கியதும் வயிறு குலுங்கச் சிரிப்பார்.

அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் குளித்துவிட்டுக் கண்ணாடி முன் நின்றார். வயது நாற்பதைத் தாண்டியாயிற்று. பிள்ளைகள் இரண்டு பால் குடித்து, ஏறிய எடை இறங்கி, இறங்கிய எடை ஏறி, மார்பு பழைய வீட்டைக் காலி செய்துகொண்டு வயிற்றுப் பக்கம் குடிபோய்க்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். நன்றாக இருந்தது. கையை எடுத்தார். போச்சு. தொய்ந்ததைத் தூக்கி நிறுத்த ஓர் ஆபரேஷன் இருப்பது அவருக்குத் தெரியும். செய்துகொள்ள ஆசையாக இருந்தது. ஆசைப்படுவதற்கு வெட்கமாகவும் இருந்தது. பிறகென்ன? அன்றைக்கே ஒரு தோழி பிறந்துவிட்டாள்.

"தெரிஞ்சவ ஒருத்தி இப்படி ஆபரேஷன் பண்ணிக்கலாமான்னு யோசிக்கிறா" என்று நாத்தனாரிடம் ஆரம்பித்தார்.

"இந்த வயசுல யாருக்குக் காட்டப் போறாளாம், அண்ணி?"

கடையில் சொன்னார். கடை இரண்டு கட்சியாகப் பிரிந்தது. கணக்கு எழுதும் பெண் தோழிக்காக உருகினாள், பில் போடுகிறவள் தோழியைக் கிழித்தாள், தினமும் காலையில் ஷட்டர் ஏறுவதற்கு முன்னாலேயே "அவங்க என்னக்கா முடிவு பண்ணாங்க?" என்று விசாரணை வேறு. கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே தோழிக்கு ஒரு வீடு, ஒரு மாமியார், வெளியூரில் வேலை பார்க்கும் ஒரு புருஷன், லேசாக மூட்டு வலி எல்லாம் வந்து சேர்ந்தன. முடிவுதான் வரவில்லை.

கடைசியாகக் கணவரிடம் சொன்னார். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "நல்லவேளை, உனக்கு இந்தக் கிறுக்கெல்லாம் கிடையாது" என்றார்.

பாராட்டுதான். ஆனால் சுருக்கென்று தைத்தது. இத்தனை வருஷம் கூடவே வாழ்ந்தும், இவளுக்கும் ஓர் ஆசை இருக்கும் என்று இந்த மனுஷனுக்குத் தோன்றவில்லையே என்று அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த ஆத்திரத்திலேயே இந்த ஆபரேஷன் செய்கிற ஒரு டாக்டரம்மாவைப் பார்க்கக் கிளம்பினார். தோழியையும் விடாமல் கூட்டிக்கொண்டுதான்.

"அவளால வர முடியல டாக்டர். நான் விசாரிச்சிட்டுப் போகலாம்னு..."

டாக்டரம்மா இப்படி எத்தனை பேரைப் பார்த்திருப்பார்! "தழும்பு நிக்கும். காம்புல உணர்ச்சி குறையலாம். நாள்பட மறுபடியும் கொஞ்சம் தளரும். இதையெல்லாம் அவங்ககிட்ட சொல்லிடுங்க."

"சொல்லிடறேன். தழும்பைப் பாத்து அவ வீட்டுக்காரர் ஏதாவது..."

"ஆபரேஷன் அவருக்கா?"

"இல்ல. ஆனா நாலு பேரு நாலு விதமா..."

"அந்த நாலு பேருக்கும் நான் பண்ணப் போறதில்ல. உங்க தோழிக்கு என்னதான் வேணுமாம்?"

நாத்தனாருக்கு என்ன வேண்டும், கணவருக்கு என்ன வேண்டும், கடையின் இரண்டு கட்சிக்கும் என்ன வேண்டும் என்று கேட்டிருந்தால் ஒப்பித்திருப்பார். தோழிக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. அவரே கேட்டதில்லை.

"கண்ணாடியைப் பாத்தா சந்தோஷமா இருக்கணும் டாக்டர். யாருக்காகவும் இல்ல. எனக்காக."

சொன்ன பிறகுதான் தோழி செத்துப்போனது தெரிந்தது. டாக்டரம்மா இரங்கல் எதுவும் தெரிவிக்கவில்லை. அளவெடுக்கும் டேப்பை எடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் நேராகவே சொன்னார்: "ஆபரேஷன் எனக்கு. தேதி குறிச்சாச்சு." கணவர் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். கதவைச் சரியாகச் சாத்தவில்லை.

"இல்லடா, எங்க ஆபீஸ்ல ஒருத்தர்... அவர் சம்சாரத்துக்கு. ஆமா, ரொம்பப் பயப்படறாரு, பாவம். மயக்க ஊசியால ஒண்ணும் ஆயிடாதில்ல?"

மருந்துக்கடைக்காரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணும் கொஞ்சம் கலங்கியது.

நீங்களும் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் நாளைக்கு என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "எங்க அத்தை பொண்ணு ஒருத்திக்கு அந்த டாக்டரம்மா நம்பர் வேணுமாம்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். நம்பர் தருவதில் எனக்கொன்றும் ஆட்சேபணை இல்லை. அத்தை பொண்ணு பெயர் என்ன என்று நான் கேட்டுவிட்டால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வீர்கள்?