மச்சானின் நெஞ்சும் நான் பிடுங்கிய பிளக்கும்

ஒன்றும் தெரியாதவன் சின்னத் தப்புதான் செய்வான். பெரிய தப்புச் செய்யக் கொஞ்சம் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு மோட்டார் தெரியும். அதனால்தான் பெண்டாட்டியின் ஒரே அண்ணனைக் கொல்லப் பார்த்தேன்.

நான் அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் தொண்ணூறுகளில் கணபதி வட்டாரத்தில் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர்களில் என்னைத் தெரியாத ஆள் கிடையாது. காலேஜ் படித்த இன்ஜினீயர்களே என் பட்டறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார்கள். (வந்தது இரண்டு பேர். அதில் ஒருவருக்குச் செருப்பு அறுந்திருந்தது.) ஓடுகிற மோட்டாரின் மேல் ஸ்குரூடிரைவர் நுனியை வைத்துப் பிடியைக் காதில் வைத்தால் போதும், உள்ளே பேரிங் இருக்கிறதா போய்விட்டதா என்று சொல்லிவிடுவேன்.

ஒருநாள் காலையில் கோபிசெட்டிபாளையத்திலிருந்து மச்சான் வந்தார். கிணற்று மோட்டார் புகைந்துவிட்டதாம். டெம்போவிலிருந்து அதை இறக்கிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. தலைக்கு மேல் ஃபேன் சுற்றுகிறது, சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது.

"மாப்ள, நெஞ்சு மேல யாரோ ஒரலைத் தூக்கி வெச்ச மாதிரி இருக்குதுங்க. இடது கையெல்லாம் கடுக்குது."

வேறு யாராக இருந்தாலும் டாக்டரிடம் போகச் சொல்லியிருப்பான். நான் என்ன செய்தேன்? பட்டறை ஆட்களை மிஷினையெல்லாம் நிறுத்தச் சொன்னேன். மச்சானின் நெஞ்சில் காதை வைத்தேன். கண்ணை மூடிக் கேட்டேன்.

"ஓட்டம் சுத்தமா இருக்குதுங்க மச்சான். இது வெறும் வாய்வு."

எலுமிச்சம்பழம் பிழிந்து சோடா வாங்கிக் கொடுத்தேன். அவர் ஏப்பம் விட்டார். அந்த ஏப்பத்தை நான் பட்டறை முழுவதற்கும் காட்டிப் பெருமைப்பட்டேன். இன்னொரு சோடா வந்தது. இப்படியே ஒரு மணி நேரம் போயிற்று.

பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. அண்ணன் வந்திருக்கிறார் என்று காபியோடு வந்த என் மனைவி, அவர் முகத்தைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏனுங்க, அண்ணன் மூஞ்சி சாம்பலாட்ட இருக்குது. உங்க கண்ணுக்குத் தெரியலீங்களா?"

நான் வாய்வைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். அவள் கார்ச் சாவியை எடுத்து என் கையில் திணித்தாள்.

ஆஸ்பத்திரியில், நோயாளியோடு ஒருவர் மட்டும் உள்ளே வரலாம் என்றார்கள். நான் முந்திக்கொண்டேன். மனைவியைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். உள்ளே என் மகள் வயதில் ஒரு லேடி டாக்டர். வலி எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். "இப்பத்தானுங்க" என்றேன். (அவமானம் வந்தால் பொய் தன்னால் வருகிறது.) மச்சானைப் படுக்கவைத்து நெஞ்சில் ஒயரை ஒட்டினார்கள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பாருங்க மாப்ள, எனக்கே காயில் கட்டறாங்க."

அந்தச் சிரிப்பு முடியவில்லை. கண் மேலே செருகியது. குறட்டை மாதிரி ஒரு சத்தம் வந்தது. அப்புறம் அதுவும் இல்லை. டாக்டர் அவர் கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தார். உடனே ஒரு பலகையின் மேல் ஏறி நின்று, இரண்டு கையையும் கோத்து அவர் நெஞ்சை அழுத்தத் தொடங்கினார். மெதுவாக அல்ல, நெல் குத்துவது போல. எலும்பு நொறுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. மச்சானின் தலை அப்படியும் இப்படியும் ஆடியது. உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

பத்தடி தூரத்தில் கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் என் மனைவி. அம்மா அப்பா போன பிறகு அவளுக்கு இருந்த பிறந்த வீடு இந்த ஒரு ஆள்தான். கதவைத் திறந்து அவளிடம் என்ன சொல்வேன்? இரண்டு சோடா கொடுத்தேன் என்றா?

அப்போதுதான் ஒரு நர்ஸ் மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்து, சுவரில் பிளக்கைச் செருகினார். டாக்டர் இஸ்திரிப்பெட்டி மாதிரி இரண்டு தகடுகளைக் கையில் எடுத்தார். "ஷாக் குடுக்கப் போறோம். யாரும் தொடாதீங்க" என்றார்.

நான் பார்த்த கரண்டெல்லாம் ஆளை எடுத்த கரண்டு. பக்கத்துப் பட்டறையில் ஈரக்கையோடு சுவிட்சைத் தொட்டவரைக் கட்டையால் தட்டி எடுத்தவன் நான், எடுத்தும் அவர் பிழைக்கவில்லை. சாகக் கிடக்கிறவருக்குக் கரண்ட் வைக்கிறார்களா? மிஷினிலிருந்து போன ஒயரைக் கண்ணால் பின்தொடர்ந்தேன். பாய்ந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன்.

"நான் இருக்கற வரைக்கும் என்ற மச்சானுக்குக் கரண்ட் வெக்க உடமாட்டனுங்க."

டாக்டர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "ஐயா, அதுக்குள்ள பேட்டரி இருக்கு. தள்ளி நில்லுங்க."

கரண்ட் அடி விழுந்தது. மச்சானின் உடம்பு கட்டிலிலிருந்து துள்ளி விழுந்தது. திரையில் கோடு இன்னும் கிறுக்கிக்கொண்டே இருந்தது. மறுபடி அழுத்தினார்கள். மறுபடி ஒரு அடி. நான் கையில் பிளக்கோடு நின்றேன். கோயிலில் ஆரத்தித் தட்டு பிடித்தவன்கூட அவ்வளவு பக்தியாக நின்றிருக்கமாட்டான். திரையில் ஒரு மேடு வந்தது. இடைவெளி. இன்னொரு மேடு. இன்னொன்று. மச்சான் பெருமூச்சு விட்டார். வயதான ஆயா ஒருவர் வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிளக்கை வாங்கிச் சுவரில் திரும்பச் செருகினார்.

அவர் பிழைத்துக்கொண்டார் என்று தெரிந்ததும் என் கால் மடங்கிவிட்டது. பக்கத்துக் கட்டிலில் போட்டு எனக்கும் ஒயர் ஒட்டினார்கள். (ஓட்டம் சுத்தமாக இருந்ததாம்.)

பிறகு டாக்டர் பொறுமையாக விளக்கினார். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு. அதுதான் அந்த உரல் பாரம். அதனால் இதயத்துக்கு உள்ளே ஓடுகிற கரண்டே தாறுமாறாகி, அது துடிக்காமல் சும்மா நடுங்கிக்கொண்டு நின்றுவிட்டது. வெளியிலிருந்து ஒரு கரண்ட் அடி கொடுத்தால் அந்தக் கலவரம் அடங்கும். இதயம் தன் சொந்த ஓட்டத்தைப் பிடிக்க வழி கிடைக்கும். அதுவரை கையால் அழுத்தி ரத்தத்தை ஓட்ட வேண்டும். ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. மோட்டாருக்கு வரும் மூன்று ஃபேஸ் கரண்டில் ஒன்று போனால் அது உறுமும், சுற்றாது. இது தெரிந்த நான்தான் பிளக்கைப் பிடுங்கியவன்.

"இது உங்க பட்டறையில நடந்திருந்தா?" என்று டாக்டர் கேட்டார். அதற்குள் உள்ளே வந்திருந்த என் மனைவி என்னைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு யார் நெஞ்சைத் தடவினாலும் நான் காதை வைப்பதில்லை, காரைத்தான் எடுக்கிறேன். ஒரு கல்யாணப் பந்தியில் வெறுமனே ஏப்பம் விட்ட சம்பந்தியைப் பாயசம்கூடக் குடிக்க விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பேசாமல் இருக்கவும் உயிரோடு இருக்க வேண்டுமே.

மச்சானுக்கு இப்போது எண்பதுக்குப் பக்கம். எங்கள் வீட்டுக்கு வந்தால் செல்போனைச் சார்ஜில் போடுவார். எடுக்க வேண்டிய நேரத்தில் நான் எழுந்தால் போதும், பேரன் பேத்திகள் எல்லோரும் அவர் வாயையே பார்ப்பார்கள். அவரும் ஏமாற்றமாட்டார்.

"நீங்க சிரமப்படாதீங்க மாப்ள. இத நானே புடுங்கிக்கறேன்."