டேப் அண்ணன் எடுத்த அளவு

ஆம்பூரில் கடவுளுக்கு அடுத்தபடியாக மனிதர்களின் கால் நீளத்தைச் சரியாக அறிந்தவர் டேப் அண்ணன் ஒருவர்தான். எங்கள் கம்பெனியில் பதனிட்ட தோலை அளந்து அடுக்குவது அவர் வேலை. மனசெல்லாம் சைக்கிளில் இருந்தது. எழுபதுகளின் கடைசியில் அவரைக் கேட்காமல் எங்களில் யாரும் சைக்கிள் வாங்கியதில்லை.

வாங்கினாலும் விடமாட்டார். வண்டியைக் கவிழ்த்துப் போட்டு முன்சக்கரப் பல், பின்சக்கரப் பல் எல்லாம் எண்ணுவார். பின்னால் பல் கூடினால் மேட்டில் கால் நோகாது, சமதரையில் மாட்டுவண்டிகூட முந்திவிடும் என்பார். வீல் கம்பிகளை விரலால் சுண்டிக் காது கொடுத்துக் கேட்பார். ஒருமுறை கணக்கருக்குப் பெண் பார்க்கக் குடியாத்தம் போன கூட்டத்தில் அவரும் போனார். வாசலில் நின்ற சைக்கிளின் பல்லை எண்ணிக்கொண்டிருந்ததில் பெண்ணைப் பார்க்காமலே திரும்பி வந்தார்.

இத்தனைக்கும் அவர் வேலைக்கு நடந்துதான் வருவார். தன் காலுக்குப் பொருந்தும் ஃப்ரேமை இன்னும் எவனும் செய்யவில்லை என்பது அவர் கட்சி.

அந்த வருடம் கம்பெனி ஆண்டு விழாவுக்கு, மாதனூர் வரை போய்த் திரும்பும் சைக்கிள் பந்தயம் வைத்தார்கள். ஷூ சாம்பிள் பிரிவில் இருந்த நான் நன்றாக மிதிப்பேன். டேப் அண்ணன் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்: "நான் அளவு சொல்ற வண்டியில இவன் மொதல்ல வரலேன்னா, இனிமே சைக்கிளுக்கு டேப்பு எடுக்கமாட்டேன்."

நான் குள்ளம். இருபத்திரண்டு இன்ச் ஃப்ரேமைப் பள்ளிக்கூட சைக்கிள் என்று கேலி செய்வார்கள். எனக்கோ இருபத்திநாலுதான் ஆசை. அளவெடுக்கும் நாளன்று, வெளிநாட்டுக்குப் போகவேண்டிய சாம்பிள் ஷூ ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டேன். இரண்டு இன்ச் ஹீல்ஸ். அதை மறைக்கத் தரையைப் பெருக்கும் பெல்பாட்டம். ஓட்டும்போது போடுகிற ஷூவோடு அளப்பதுதான் அண்ணன் வழக்கம். அதைக் கழற்றச் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

சுவரோரம் நிறுத்திக் காலை அளந்தவர், நம்பாமல் மறுபடி அளந்தார்.

"பந்தயத்தன்னிக்கும் இதே ஷூதானே தம்பி?"

"ஆமாண்ணே."

"அப்ப இருபத்திநாலு வாங்கிக்க."

பந்தயத்துக்கு முன்பே அந்த ஷூ பார்சலில் கப்பலேறிவிட்டது. கான்வாஸ் ஷூவோடு ஏறினேன். சீட்டை அடிவரை இறக்கியும் பெடல் கீழே போகும்போது கால் எட்டவில்லை. இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி ஆட்டி மிதித்ததைப் பார்த்து மாதனூரே சிரித்தது. திரும்பி வந்தபோது எனக்குப் பின்னால் டயர் பஞ்சரான கேன்டீன் மாஸ்டர் மட்டும் இருந்தார்.

மறுநாள் எல்லோரும் அண்ணனைச் சூழ்ந்துகொண்டு, அளவு எப்படித் தப்பியது என்று துளைத்தெடுத்தார்கள். அவர் என்னைச் சுவரோரம் நிறுத்தி அளந்தார். செருப்பில் நின்றிருந்தேன். டேப்பில் இரண்டு இன்ச் குறைந்திருந்தது. என் காலிலிருந்த செருப்பைப் பார்த்தார். டேப்பை மெதுவாகச் சுருட்டிக்கொண்டு எழுந்து மற்றவர்களிடம் சொன்னார்:

"டேப்பு ஈரத்துல சுருங்கிப்போச்சு. பாக்காம அளந்துட்டேன். தப்பு என்னுதுதான்."

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அதற்குப் பிறகு சைக்கிளுக்கு அளவு கேட்டு யார் வந்தாலும் கடைக்காரரிடம் அனுப்பிவிடுவார். என்னிடம் மட்டும் எப்போதும்போல், சாப்டியா தம்பி என்று கேட்பார். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நான் எட்டு வருடம் தள்ளிப் போட்டேன். அவர் தள்ளிப் போடாமல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இப்போது என்னிடம் இருப்பது இருபத்திரண்டு இன்ச் வண்டி. கால் நன்றாக எட்டுகிறது. ஏறும்போதெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொள்கிறேன்: "அண்ணே, உங்க டேப்பு சுருங்கவே இல்ல."