வலது காத்தாடி நிக்கும், பாருங்க மாமா

பாதி தெரிந்தவனுக்கு இருக்கும் தைரியம் முழுக்கத் தெரிந்தவனுக்கு இருப்பதில்லை. எண்பதுகளின் கடைசியில் என்னிடம் அந்தத் தைரியம் ஏராளமாக இருந்தது. ஒற்றை எஞ்சின் விமானம் ஓட்ட லைசென்ஸ் வாங்கியாயிற்று; மெட்ராஸில் இரட்டை எஞ்சின் விமானத்தில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. நான்கு பேர் உட்காரும் சின்ன விமானம்தான். ஆனாலும் லீவுக்குப் புதுச்சேரிக்கு, எங்கள் முத்தியால்பேட்டைக்கு வரும்போதெல்லாம், அக்னி நட்சத்திரத்திலும் தோல் சட்டை போட்டுக்கொண்டுதான் பஸ்ஸை விட்டு இறங்குவேன். (உடம்பெல்லாம் வேர்க்குரு. யாரிடமும் சொல்லவில்லை.)

அந்தச் சமயத்தில்தான் எனக்கு ஃபிலோமினாவைப் பேசினார்கள். கோயில் பாடற்குழுவில் பாடும் பெண். எனக்கு அதற்கு முன்பே பிடிக்கும், ரொம்பவே பிடிக்கும். தடையாக நின்றவர் அவளுடைய அப்பா அந்துவான் மாமா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சிப்பாய்; எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. அவருக்குப் பென்ஷன் பிராங்கில் வரும், சந்தேகம் தமிழில் வரும். போதாததற்குப் பாரீஸில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை ஒருவரும் வரிசையில் இருந்தார்.

"பாரீஸ் பையனுக்குத் தரையில வேலை. உனக்கு ஆகாசத்துல. நடுவுல எஞ்சின் நின்னுட்டா எம்பொண்ணு கதி என்னா?" என்றார் மாமா.

"அதுக்குத்தான் மாமா ரெண்டு எஞ்சின். ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணுல வந்து எறங்கிடுவேன்."

"வாயாலயே எறங்காத. கண்ணால பாத்தாதான் நம்புவேன்."

லாசுப்பேட்டையில் அப்போதுதான் புதிதாக ஓடுதளம் போட்டிருந்தார்கள். எனக்குச் சொல்லிக்கொடுக்கும் கேப்டனிடம் கெஞ்சிக் கூத்தாடி, அடுத்த பயிற்சியைப் புதுச்சேரி மேலேயே வைத்துக்கொள்ளச் சம்மதம் வாங்கினேன். மேலே ஒரு எஞ்சினை அவர் நிஜமாகவே நிறுத்துவார். நான் மற்றதை வைத்து இறக்க வேண்டும். அதுவரை அவர் எப்போதும் வலது எஞ்சினைத்தான் நிறுத்தியிருந்தார். அதனால் முந்தின ஞாயிறே மாமா வீட்டுக்குப் போய், "வலது காத்தாடி நிக்கும், பாருங்க மாமா" என்று ஏதோ சினிமாவுக்குக் கதை சொல்வதுபோல் சொல்லிவிட்டு வந்தேன்.

பாடம் ரொம்ப எளிது. ஒரு எஞ்சின் நின்றால் விமானம் அந்தப் பக்கம் இழுக்கும். அதை நேராக்க எதிர்ப்பக்கக் காலால் மிதிக்க வேண்டும். எந்தக் கால் வேலையில்லாமல் சும்மா இருக்கிறதோ, அந்தப் பக்க எஞ்சின்தான் போய்விட்டது. நின்ற எஞ்சினின் காத்தாடி காற்றில் வெறுமனே சுற்றி வேகத்தைக் குறைக்கும்; அந்தப் பக்க லிவரை இழுத்தால் அது சுற்றாமல் நின்றுவிடும். கால் சொல்வதைக் கை கேட்டால் போதும்.

அன்று வைத்திக்குப்பம் படகுகளைத் தாண்டி லாசுப்பேட்டைக்கு மேலே வந்தோம். கீழே குடைகளோடு ஒரு கும்பல். அம்மா, அப்பா, சித்தப்பா குடும்பம், மாமா குடும்பம். அதில் ஃபிலோ எங்கே என்று நான் தேடிக்கொண்டிருக்கும்போது கேப்டன் எஞ்சினை நிறுத்தினார்.

இடது எஞ்சினை.

விமானத்தின் மூக்கு இடப்பக்கம் திரும்பியது. வலது கால் தானாகவே சரியாக மிதித்தது. இடது கால் சும்மா இருந்தது. அதைக் கேட்டிருக்க வேண்டிய என் கை, மாமாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றக் கிளம்பி, வலது லிவரை இழுத்து, வலது எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலையும் அடைத்துவிட்டது.

பறக்கும் விமானத்துக்குள் அவ்வளவு அமைதி இருக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. கேப்டன் மூச்சு விடுவது கேட்டது. நான் விடவில்லை.

"எந்தக் கால் சும்மா இருக்கு?" என்று நிதானமாகக் கேட்டார்.

"இடது, சார்."

"எதை நிறுத்தின?"

"மாமாகிட்ட சொன்னதை, சார்."

"கையை எடு."

அவர் இடது எஞ்சினுக்கு மறுபடி பெட்ரோல் விட்டார். அது இருமி, செருமி, பிடித்துக்கொண்டது. வலதை அப்படியே விட்டுவிட்டு ஒற்றை எஞ்சினில் பூப்போல இறக்கினார். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு, பூசை பார்க்க வந்தவனைப்போல உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் தரையில் ஒரே கைத்தட்டல். சொன்னபடி வலது காத்தாடி நின்றிருந்ததே. "எம்புள்ள சொன்னா சொன்னதுதான்" என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். போன தைரியம் எனக்கு அந்த இடத்திலேயே திரும்பி வந்துவிட்டது. காலரைச் சரிசெய்துகொண்டு இறங்கி, "பாத்தீங்களா மாமா?" என்றேன்.

"பாத்தேன். கேக்கவும் செஞ்சேன். நடுவுல கொஞ்ச நேரம் ரெண்டுலயுமே சத்தம் வரலியே. அதுக்கப்புறம் ஓட்டுனது ஆரு?"

பொய் வாய்வரை வந்தது. ஃபிலோ பார்த்துக்கொண்டிருந்தாள். கேப்டனைக் கை காட்டினேன்.

மாமா கையில் ஒரு ரோஜா மாலை வைத்திருந்தார். என்னைத் தாண்டிப் போய் அதைக் கேப்டன் கழுத்தில் போட்டு, விறைப்பாக ஒரு சல்யூட் வைத்து, "மெர்சி, முசியே" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டார்.

கேப்டனுக்கு ஐம்பது வயதிருக்கும். "ஆயிடுச்சுங்க, பிள்ளைங்க காலேஜ் படிக்குதுங்க" என்றார் அவர், விஷயம் புரியாமல். மாமா பெருமூச்சு விட்டார்.

ஃபிலோதான் சிரிப்பை அடக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "கேட்டதும் இவரு உண்மைய ஒத்துக்கிட்டாருப்பா. அந்தப் பாரீஸ் பையன் இன்னும் வயசையே ஒத்துக்கல. எனக்கு இவரே போதும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. (வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன்.)

இரட்டை எஞ்சின் தேர்வில் பிறகு தேறினேன், வருஷக்கணக்கில் எத்தனையோ விமானங்களை ஓட்டினேன். அதெல்லாம் மாமாவிடம் எடுபடவில்லை. கல்யாணம், காதுகுத்து, துக்கம் எங்கே யாரிடம் என்னை அறிமுகப்படுத்தினாலும், தோளில் அன்பாகக் கை போட்டுக்கொண்டு கடைசிவரை அவர் சொன்னது ஒன்றுதான்:

"நம்ம மருமவன். என்னா பண்றது, கேப்டனுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சி."