செத்த வீட்டில் ஓர் இன்ஸ்பெக்டர்

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. செத்த வீட்டுக்குப் போனால் எத்தனை மணிக்கு நடந்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள், கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் வேறு கதை. கேட்காமல் வருவது மரியாதைக் கேடு. இதே கேள்விகளைத்தான் பொலிசும் கேட்கிறது என்பது இத்தாலியின் பலெர்மோவில்தான் எனக்கு உறைத்தது.

ஊரோரத்துச் சியாகுல்லியில் தோடம்பழம் பிடுங்கிய காலம் முழுக்க எனக்கு இத்தாலி மொழி தேவைப்படவில்லை. (மரங்கள் கதை கேட்பதில்லை.) பிறகு தோட்ட வேலை நின்றது. வேலை ஒப்பந்தம் இல்லாமல் பெர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அனுமதி, புதுப்பிக்க முடியாது. அண்மையில் கணவரை இழந்த ஒரு வயதான சிஞ்ஞோராவுக்குச் சமையலுக்கும் துணைக்கும் ஆள் தேடுகிறார்கள் என்று மனைவி வதனி அறிந்து வந்தாள்.

ஒரே மூச்சாக மொழி படிக்க இறங்கினேன். யூடியூப்பில் ஒரு பழைய தொலைக்காட்சித் துப்பறியும் தொடர் கிடைத்தது. அதில் வரும் இன்ஸ்பெக்டர் ஆட்களை மிரட்டுவதற்காக ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசுவார். இத்தாலியில் எனக்கு விளங்கும்படி பேசிய ஒரே மனிதர் அவர்தான். ஓர் அத்தியாயத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து, அவருடைய வசனம் முழுவதையும் பாடமாக்கினேன்.

"இஞ்சாருங்கோ, உந்த மனுசன்ரை குரலிலை என்னோடை கதையாதேங்கோ. எனக்குப் பயமாக் கிடக்கு" என்றாள் வதனி.

"நீர் சும்மா இரும். இந்த வேலையை எடுக்காமல் நான் திரும்பி வரமாட்டன்!"

போனேன். சிஞ்ஞோரா கறுப்பு உடுப்பில் இருந்தார். பக்கத்தில் மகன். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க வேண்டியவர் அவர்தான். சுவரில் காலமானவரின் படம், அதன் முன் சின்ன விளக்கு. அதைக் கண்ட பிறகு வேலையைப் பற்றி வாய் திறக்க மனம் வரவில்லை. முதலில் துக்கம் விசாரிக்க வேண்டும். கைவசம் இருந்ததோ இன்ஸ்பெக்டரின் இத்தாலி மட்டும்.

"சரியாக எத்தனை மணிக்கு இறந்தார்?" என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டேன்.

சிஞ்ஞோரா திடுக்கிட்டார். "விடியற்காலையில். தூக்கத்திலேயே."

"வீட்டில் யார் யார் இருந்தீர்கள்?"

"நானும் இவனும்."

துக்கம் தெரியட்டும் என்று முகத்தை இன்னும் இறுக்கிக்கொண்டேன். "கடைசியாக அவருக்குச் சாப்பாடு கொடுத்தது யார்?"

"நான்தான். டாக்டர் சொன்ன உப்பில்லாத சூப். அவர் தொடவேயில்லை."

மகனையும் ஒரு வார்த்தை கேட்காவிட்டால் குறை நினைப்பாரே! அவர் பக்கம் திரும்பினேன். "உண்மையைச் சொல்லுங்கள். எனக்கு எல்லாம் தெரியும்." (அத்தியாயத்தில் அடுத்த வசனம் அதுதான். நான் என்ன செய்ய?)

மகனின் முகம் வெளுத்தது. "அம்மா... அப்பாதான் கேட்டார். முதல்நாள் பின்னேரம் நீங்கள் பூசைக்குப் போன நேரம், போர்கோ வெக்கியோ சந்தையில் மண்ணீரல் வைத்த பாண் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு!"

ஏதாவது ஆறுதல் சொல்லியாக வேண்டும். என்னிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு வசனம். மகனைக் கையால் காட்டிச் சொன்னேன்: "இவரைக் கைதுசெய்து கொண்டுபோங்கள்."

பெர்மெஸ்ஸோ போச்சு என்று முடிவுகட்டினேன். சிஞ்ஞோரா என்னையே பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே அழவும் தொடங்கினார்.

"எல்லோரும் வந்து கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. அவரைப் பசியோடு அனுப்பிவிட்டேனே என்று நான் தூங்காமல் கிடக்கிறேன்" என்றவர் மகனிடம் திரும்பினார். "இரண்டையும் முடித்தாரா?"

"விரலையும் நக்கினார், அம்மா."



"இவருக்குக் கையெழுத்து வை" என்றார் சிஞ்ஞோரா. மகன் வாக்குமூலத்தில் வைப்பதுபோல வைத்தார். இன்றும் அவர் என்னைக் கண்டால் கையில் இருக்கும் சாப்பாட்டுப் பொட்டலத்தை மறைப்பதுண்டு.

எந்தச் செத்த வீட்டுக்குப் போனாலும் வதனி இப்போது என்னை வாசலிலேயே மறிக்கிறாள். "உள்ளுக்கை போய்க் கும்பிட்டிட்டு ஒரு மூலையிலை இருங்கோ. ஆரையும் பிடிச்சுக் குடுத்திடாதேங்கோ!"