நேற்று வந்திருக்க வேண்டும்

நேற்றுப் பேர்வழி என்று மனிதரில் ஒரு ரகம் உண்டு. உங்கள் ஊரில் இல்லை என்று நீங்கள் சத்தியம் செய்தாலும் நான் நம்பமாட்டேன். எந்தக் கச்சேரிக்குப் போனாலும் "முந்தாநாள் பாடினான் பாருங்கள், அதுதான் பாட்டு" என்பார். எந்த மாம்பழத்தைக் கடித்தாலும் "போன வாரத்துக் கூடையில் இருந்தது பழம்" என்பார். உங்கள் வீட்டுக் குழந்தையைக் கொஞ்ச எடுத்தால்கூட, "மூணு மாசத்திலே என்ன அழகா இருந்தது" என்று பெருமூச்சு விட்டுத் தாயின் கையில் திருப்பிக் கொடுத்துவிடுவார். பொறாமையா? இல்லை. பொறாமைக்காரனாவது உங்களிடம் ஏதோ இருப்பதாக ஒப்புக்கொள்கிறான்.

யுத்தத்தினால் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்து, மோட்டார்களெல்லாம் முதுகில் கரியடுப்பைச் சுமந்துகொண்டு இருமியபடி ஓடிய காலத்தில், மைசூரில் இந்த ரகத்துக்கே தலைவராக விளங்கியவர் கணபதிராமன். சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் ஹெட்கிளார்க். அவரைக் கட்டிக்கொண்ட புண்ணியவதி கனகலக்ஷ்மி. கல்யாணமான மூன்றாம் நாள் அவர் அவளை ஏற இறங்கப் பார்த்து, "நிச்சயதார்த்தத்தன்னிக்கு நீ இன்னும் லக்ஷணமா இருந்தே" என்றார். அன்றைக்கே அவளுக்கு ஆள் யாரென்று விளங்கிவிட்டது. அது முதல் நல்லதாக எது கிடைத்தாலும் அவர் கண்ணில் படுமுன் அனுபவித்துவிடுவாள். நஞ்சன்கூட்டு வாழைப்பழத்தை அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று தின்பாள். தோல் மட்டுமே அவர் பார்வைக்கு வரும்.

அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. அரண்மனை யானைகள் அவள் வீட்டு வாசல் வழியாகத்தான் போகும். நெற்றியில் சித்திரம், முதுகில் பட்டு, கழுத்தில் மணி, மேலே ஒருவன். ஆயுளில் ஒரு தடவை, மேலே யாரும் உட்காராத யானையை, அது பாட்டுக்கு நிற்கும்போது பார்க்க வேண்டும். இதை ஒருநாள் வாய் தவறி அவரிடம் சொல்லிவிட்டாள். "யானைதானே? தினம் வாசல்லே சாணி போட்டுண்டு போறதே, அது போறாதா?" என்றார்.

இத்தனைக்கும் அவர் காட்டுக்குப் போகாதவர் அல்ல. யார் விருந்தாளியாக வந்தாலும், பசவராஜின் வாடகை மோட்டாரில் அடைத்து, குண்டலுபேட்டைக்கு அப்பால் பண்டிபுரக் காட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார். புளியோதரை கட்டிக் கொடுப்பது கனகலக்ஷ்மி. வண்டியில் இடமில்லாமல் வாசலோடு நின்றுவிடுவதும் அவளே. போகும்போது துள்ளிக்கொண்டு போகிற விருந்தாளிகள் திரும்பும்போது தொங்கிய முகத்தோடு வருவானேன் என்று அவளுக்குப் பல நாள் புரியவில்லை.

அந்தப் பங்குனியில் திருச்சியிலிருந்து அவள் தம்பி சாம்பசிவன் தனியாக வந்தான். வண்டியில் இடம் இருந்தது. யாரும் ஏதும் சொல்வதற்குள் தூக்குப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரமாக உட்கார்ந்துவிட்டாள்.

காடு இலையுதிர்ந்து வெறும் குச்சியாக நின்றது. முதலில் ஒரு மான் கூட்டம் சாலையைத் தாண்டியது. சாம்பசிவன் சீட்டின் நுனிக்கே வந்துவிட்டான்.

"அத்திம்பேர், எத்தனை மான்!"

முன்சீட்டில் இருந்த கணபதிராமன் திரும்பக்கூட இல்லை. "இதா? போன தரம் வந்திருக்கணும் சாம்பு. ரோடே தெரியலை."

மயில் ஒன்று ஆடியது. "தோகை பாதி கொட்டிப்போச்சு. தை மாசம் பார்க்கணும்." காட்டெருமை நின்றது. அவ்வளவு பெரிய பிராணியை அவர் வற்றல் என்றார். ஒவ்வொரு தடவையும் தம்பியின் திறந்த வாய் மெல்ல மூடுவதைக் கனகலக்ஷ்மி பார்த்தாள். விருந்தாளிகளின் முகம் தொங்கும் மர்மம் அவளுக்கு அப்போது புரிந்தது. அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

கரியைக் கிளற வேண்டும் என்று பசவராஜ் வண்டியை நிறுத்திவிட்டுப் பின்பக்கம் போனான். வண்டியின் இருமல் நின்றது. கணபதிராமன் சீட்டில் திரும்பி உட்கார்ந்து, மைத்துனன் முகத்துக்கு நேராகத் தம் புலிக்கதையை ஆரம்பித்தார். அந்தப் புலி விசித்திரமானது. நாம் போகும் நாளுக்கு முந்தின நாள் மட்டும் வரும்.

அப்போது அவள் பக்கத்து ஜன்னலில் யானை வந்தது.

வற்றிப்போன குட்டை. அதன் கரையில் ஒரு பெண் யானை, காலடியில் குட்டி. சித்திரம் இல்லை, மணி இல்லை, மேலே யாரும் இல்லை. செம்மண்ணை வாரித் தன் முதுகில் தானே போட்டுக்கொண்டது. குட்டி அதைப் பார்த்துத் தானும் வாரி, குறி தவறித் தன் கண்ணிலேயே போட்டுக்கொண்டது. தம்பியைத் தொட்டுக் காட்டக் கனகலக்ஷ்மியின் கை எழுந்தது. காட்டினால் அவனோடு இவரும் திரும்புவார். திரும்பினால் வாயைத் திறப்பார். எழுந்த கை மறுபடி மடியில் இறங்கியது. தன் கூடப் பிறந்தவனுக்குக் கிடைக்க வேண்டியதையும் சேர்த்து அவளே பார்த்தாள். யானையும் குட்டியும் மூங்கிலுக்குள் போய் மறையும்வரை பார்த்தாள்.

பசவராஜ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "அம்மாவுரு சென்னாகி நோடிதரல்லா, அம்மா நல்லாப் பார்த்துட்டாங்களே," என்று கன்னடமும் தமிழுமாகச் சொல்லிச் சிரித்தான். "ஆனெ, ஸ்வாமி. தாயும் மரியும். இங்கேதான் நின்னுச்சு. இவ்வளவு கிட்டே நானே பார்த்ததில்லே."

புலி பாதியில் நின்றுவிட்டது. கணபதிராமன் குட்டையைப் பார்த்தார், மூங்கிலைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"யானையா? குட்டியோடயா? எப்படி இருந்தது? நன்னா பெரிசா?"

கல்யாணமான நாளாக அவர் எதைப் பற்றியும் இப்படி ஆவலாகக் கேட்டதில்லை. சிறு பிள்ளை மாதிரி வாய் திறந்திருந்தது. கனகலக்ஷ்மி தூக்குப் பாத்திரத்தின் மூடியை நிதானமாகத் திறந்தாள்.

"கொஞ்சம் முன்னாடி திரும்பியிருக்கணும் நீங்க," என்றாள்.

திறந்த வாய் மெல்ல மூடியது.

இத்தோடு முடிந்திருந்தால் நானும் கைதட்டிவிட்டு எழுந்திருப்பேன். ஆனால் சாம்பசிவன் கேட்டான்: "எனக்காவது ஒரு விரலை நீட்டிக் காட்டியிருக்கப்படாதா அக்கா?" கணவரிடம் சொன்ன வாக்கியம் அவள் நாக்கில் இன்னும் தித்தித்துக்கொண்டிருந்தது. "சொன்னாப் புரியாது சாம்பு. பார்த்திருக்கணும்," என்றாள். மறுநாள் காலை அடுத்த வீட்டுக் காமாக்ஷி ஓடிவந்து, அரண்மனைக்குப் புதிதாக ஒரு குட்டி யானை வந்திருப்பதாகவும், வாசலில் நின்றால் இப்போதே பார்க்கலாம் என்றும் கூப்பிட்டாள். கனகலக்ஷ்மி இடத்தைவிட்டு அசையவில்லை. "அதெல்லாம் ஒரு குட்டியா? நேத்து எங்களோட வந்திருக்கணும் நீ."

உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்த கணபதிராமன் தலையைப் பலமாக ஆட்டினார். அந்தத் தாம்பத்தியத்தில் இருவரும் ஒரே அபிப்பிராயமாக இருந்தது அன்றைக்குத்தான்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் இதைப் படித்து வரும்போது நடுவில் எங்கேயாவது, "இந்த ஆள் முன்னெல்லாம் இன்னும் நன்றாக எழுதுவானே" என்று தோன்றியதா? தோன்றியிருந்தால் கூச்சப்படாமல் ஏறிக்கொள்ளுங்கள். கணபதிராமனுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. நேற்று வந்திருந்தால் ஜன்னலோரமே கிடைத்திருக்கும்.