மணிக்கட்டு பற்றிய கருத்துச் சுற்று

"எனக்கு வேற கீபோர்டு வேணும். எனக்கு மட்டும்."

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு செய்த பெருஞ்செயல் எது என்று கேட்டால், ஹேர்னோசாண்ட் நகரத்துப் "பணிச்சுக வழிகாட்டு மைய"த்தைத் தொடங்கியதுதான் என்று அங்கே வேலை பார்ப்பவர்கள் தயங்காமல் சொல்வார்கள். உட்காருகிறவன் எந்தக் கோணத்தில் உட்கார வேண்டும், நிற்கிறவன் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை எந்தக் காலை மாற்ற வேண்டும் என்று ஸ்வீடன் முழுவதற்கும் சொல்லிக்கொடுத்த இடம் அது. அங்கே ஒரு செவ்வாய்க்கிழமை காலைக் காப்பி வேளையில், வல்லுநர்கள் பதினான்கு பேரும் ஏலக்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, இல்வா நேஸ்லுண்ட் மேற்படி இரண்டு வாக்கியங்களைச் சொன்னாள்.

முதல் வாக்கியத்தை மன்னித்திருப்பார்கள். இரண்டாவதுதான் பன்னைத் தொண்டையில் நிறுத்தியது.

அவளை யாரும் எச்சரிக்காமல் விடவில்லை. அவள் அம்மா மாய், இருபத்தாறு வருடம் தற்காலிகக் கூலியாகவே தொழிற்சாலையில் வறட்டு ரொட்டியை அடுக்கிப் பெட்டியில் வைத்தவள். அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழகத்தின் வாசலை மிதித்துப் பட்டத்தோடு திரும்பிய முதல் ஆள் இல்வா. வேலை கிடைத்த அன்று அம்மா போனில் சொன்னாள்: "உட்கார்ந்து பாக்குற வேலைடி. குடுக்கிறதை வாங்கிக்கோ. உனக்குன்னு தனியா எதையும் கேட்டுத் தொலைக்காதே. கேக்குறவளைத்தான் மொதல்ல அனுப்புவாங்க." இதைச் சொல்லும்போது அம்மா போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஒரு கையால் பிடிக்க அவளுக்கு முடியாமல் போய் ஏழு வருடமாகிறது.

இல்வாவின் பதவிக்குப் பெயர் "உரை ஒருங்கிணைப்பாளர்". தகுதிகாண் காலம் ஆறு மாதம். வேலை என்னவென்றால், பதினான்கு வல்லுநர்களும் வாயால் சொல்வதைக் காதில் வாங்கி விரலால் தட்டுவது. வல்லுநர்கள் தாங்களே தட்டுவதில்லை. தொடர்ந்து தட்டுவது மணிக்கட்டுக்குக் கேடு என்பதை உலகுக்கு அறிவித்தவர்களே அவர்கள்தாம். சொன்னதைச் செய்கிறவர்கள் என்பதால், தட்டுவதை அன்றோடு விட்டுவிட்டார்கள். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் வாங்கலாமா என்ற கேள்வி மூன்று வருடமாகப் பரிசீலனையில் இருந்தது. அதுவரை இல்வா இருந்தாள்.

பத்தாவது வாரம் வலது கையில் மூன்று விரல் மரத்துப்போயின. பன்னிரண்டாவது வாரம் காப்பிக் கோப்பை கையிலிருந்து தானாக இறங்கிப் போய் உடைந்தது. நகர மருத்துவமனை டாக்டர் அவள் மணிக்கட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டா பிரிஞ்சு, நடுவுல உயர்ந்து இருக்குமே, அந்த மாதிரி கீபோர்டுக்கு இப்பவே மாறிடு. மாறினா இது சரியாயிடும். மூணு மாசம் கழிச்சு வந்தேன்னா நான் கத்தி எடுக்கணும். எடுத்தாலும் முழுசா திரும்புமான்னு சொல்ல முடியாது."

இதையே டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைத்தான் அன்று அவள் பன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மையத்தின் தலைவர் ஸ்டாஃபான் சீட்டை மரியாதையோடு படித்தார். அந்த அலுவலகத்தில் 'சார்', 'மேடம்' கிடையாது. தலைவரைப் பெயர் சொல்லி, "ஸ்டாஃபான், நீ" என்றே கூப்பிடலாம். அவ்வளவு சமத்துவம். கூப்பிட்ட பிறகு என்ன கேட்கலாம் என்பது தனி விஷயம்.

"நீ கேட்டது ரொம்ப நல்ல விஷயம், இல்வா" என்றார். அந்த அலுவலகத்தில் யாரும் யாருக்கும் மறுப்பு சொன்னதே இல்லை.

"அப்ப வாங்கிக் குடுத்துடறியா?"

"வாங்கறதுல யாருக்கும் ஆட்சேபணை இருக்காது. ஆனா ஆட்சேபணை இல்லேங்கறதை நாம எழுத்துல வாங்கணும்ல."

"எனக்குக் கை மரத்துப் போகுது, ஸ்டாஃபான்."

"தெரியுது. அதனாலதான் அவசரப்படக் கூடாது."

பாதுகாப்புப் பிரதிநிதி குனில்லா, ஊழியர்களின் உடல்நலத்துக்காக ஊழியர்களாலேயே தேர்ந்தெடுக்கப்பட்டவள், இல்வாவின் தோளில் கை வைத்தாள். "எனக்குந்தான் ஒன்பது வருஷமா கழுத்து வலி. நான் வாயைத் திறந்தேனாம்மா?"

"ஏன் திறக்கல?"

"நல்லாவா இருக்கும், நமக்கு மட்டும்னு கேட்டா?"

இல்வா போனில் அந்த விசைப்பலகையின் படத்தைக் காட்டினாள். ஸ்டாஃபான் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இது ரெண்டா இருக்கே."

"கையும் ரெண்டு இருக்கே."

"இல்ல, பாக்குறவங்களுக்கு நம்ம ஆபீஸ்ல ஏதோ பிளவுன்னு தோணக் கூடாது பாரு."

"சரி, வாங்கவே வேண்டாம். வரவேற்பறையில கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒன்பது வகை வச்சிருக்கீங்க. போன வருஷம் நீங்களே சோதிச்சு மதிப்பெண் போட்டது. அதுல ஒண்ணை எடுத்துக்கறேன்."

பதினான்கு முகங்களில் ஒரே நேரத்தில் வலி தெரிந்தது. மணிக்கட்டில் அல்ல.

"அது காட்சிக்கு" என்றார் ஸ்டாஃபான் மென்மையாக. "பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வந்து பாக்குறாங்க."

இப்படியாக, அந்த நாட்டின் தலைசிறந்த வழக்கம் கையில் எடுக்கப்பட்டது. ஒரு விஷயத்தை முடிவு செய்வதற்கு முன்னால் அதில் சம்பந்தப்பட்டவர், சம்பந்தப்படாதவர், சம்பந்தப்படவே கூடாதவர் எல்லோருக்கும் அதை அனுப்பி, எழுத்தில் கருத்து வாங்குவது. இதற்குக் கருத்துச் சுற்று என்று பெயர். பாலம் கட்டவும் சட்டம் போடவும் வைத்துக்கொண்ட ஏற்பாடு. இல்வாவின் வலது கைக்கும் அதே கௌரவம் கிடைத்தது. நாற்பத்து மூன்று அமைப்புகளுக்குக் கடிதம் போயிற்று. கடிதத்தை ஸ்டாஃபான் வாயால் சொன்னார். நாற்பத்து மூன்றையும் இல்வா தட்டினாள்.

பதில்கள் வந்தன. ஜனநாயகம் எவ்வளவு ஆரோக்கியமாக இருக்கிறது என்பதற்கு அவையே சான்று. இடக்கைப் பழக்கத்தோர் கழகம், வலது கையைப் பற்றி மட்டும் பேசியிருப்பதைக் கண்டித்துப் பதினொரு பக்கம் எழுதியிருந்தது. பியானோ ஆசிரியர் சங்கம் கொள்கையளவில் வரவேற்றது. விரல்களைப் பிரித்து வைப்பது இசைக்கு நல்லதா என்று தெரியவில்லை என்றும் சேர்த்தது. மறைமாவட்ட அலுவலகம், தனக்கு இதில் கருத்து எதுவும் இல்லை என்பதை நான்கு பக்கங்களில், இரண்டு இணைப்புகளோடு விளக்கியது. நாட்டின் தென்கோடியில் கல்மார் பக்கத்து ஊராட்சி ஒன்று, கேள்வி தவறி வந்திருக்கலாம் என்று சந்தேகப்பட்டாலும் கடமை தவறாமல் ஆதரித்தது. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். பாதி கையெழுத்தில்.

"இதையெல்லாம் யாரு தொகுக்கிறது?" என்று இல்வா கேட்டாள். கேட்டிருக்க வேண்டாம். பதினான்கு பேரும் அவளை அன்போடு பார்த்தார்கள்.

"உன் விஷயம்தானே. உன்னைவிட இதுல யாருக்கு அக்கறை இருக்கும்?" என்றாள் குனில்லா.

"இந்தக் கீபோர்டுல தட்டாதேன்னு டாக்டர் எழுதிக் குடுத்ததைத் தீர்த்துவைக்க, இந்தக் கீபோர்டுலயே நானூறு பக்கம் தட்டணுமா?"

"அதுக்காகத்தான் நடுவுல நடுவுல கையை உதறிக்கோன்னு நம்ம வழிகாட்டியில போட்டிருக்கோம்" என்றார் ஸ்டாஃபான். "பக்கம் முப்பத்தொண்ணு. நீதானே தட்டினே, மறந்துட்டியா?"

அவள் தட்டினாள். ஏன் தட்டினாள் என்று கேட்பவர்களுக்கு: நிரந்தர வேலை என்பது அவள் வீட்டில் இதுவரை யாரும் நேரில் பார்த்திராத பிராணி. நவம்பர் போயிற்று, கிறிஸ்துமஸ் போயிற்று. ஜனவரியில் சட்டைப் பொத்தானைப் போட அவளுக்கு இடது கை போதவில்லை, வலது கை உதவவில்லை. முட்கரண்டியை முஷ்டிக்குள் வைத்துச் சாப்பிட்டாள், சின்னப் பிள்ளை மாதிரி. மேசையில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அடுத்தவர் சாப்பிடுவதைக் கவனிப்பது அங்கே அநாகரிகம்.

தொகுப்பை எந்த வடிவத்தில் போடுவது என்று பார்க்க, பழைய கோப்பு வேண்டி ஆவண அறைக்குப் போனாள். ஒவ்வொரு கோப்பின் கீழேயும் இப்படிப் போட்டு ஒரு பெயர் இருந்தது: "தட்டியவர் – உரை ஒருங்கிணைப்பாளர்." ஆறு மாதத்துக்கு ஒரு பெயர். பதினொரு வருடத்துக்கு எண்ணினாள். தன்னையும் சேர்த்து இருபத்திரண்டு. எல்லாம் பெண் பெயர். தன்னுடையதைத் தவிர எல்லாம் தகுதிகாண் காலத்தோடு முடிந்தவை.

அன்று மதிய இடைவேளையில் அவளுக்கு முன்னால் இருந்தவளைப் போனில் பிடித்தாள். பெயர் அன்னெலி. ஊரின் மறு கோடியில் ஒரு நாய்க் காப்பகத்தில் வேலை.

"எதுக்கு விட்டுட்டுப் போனே?" என்று கேட்டாள் இல்வா.

"நான் எங்க விட்டேன். கேக்கோட அனுப்பிவச்சாங்க. பாதாம் கேக்கு."

"கை?"

அவளுக்குப் பின்னால் நாய்கள் குரைத்துக்கொண்டிருந்தன. "பொத்தான் வச்ச சட்டையெல்லாம் தங்கச்சிக்குக் குடுத்துட்டேன்" என்றாள் அன்னெலி. "நீ யாருடி? இப்ப அந்த நாற்காலியில இருக்கிறவளா?"

"ஆமா."

"நீயும் தட்டுறியா, வாயை மூடிக்கிட்டு?"

"இன்னிவரைக்கும்" என்றாள் இல்வா.

மிச்சப் பெயர்களையும் அவள் தேடினாள். மதிய இடைவேளைகளில், இடது கை ஆள்காட்டி விரலால் எண்களை அழுத்தி.

பிப்ரவரி முதல் வாரம், வியாழக்கிழமை. பட்டாணி சூப்பும் அப்பமும் சாப்பிட்டு எல்லோரும் திருப்தியாக இருந்த மதியத்தில் முடிவுக் கூட்டம் கூடியது. ஸ்டாஃபான் தொகுப்பைத் தூக்கிக் காட்டினார். அதன் எடையே ஒரு வாதம் மாதிரி இருந்தது.

"நாற்பத்து மூணுல முப்பத்தொன்பது பேர் ஆதரவு" என்றார். "இவ்வளவு பரந்த ஆதரவு இருக்கும்போது, ஒருத்தருக்கு மட்டும் வாங்கறது நியாயமா இருக்காது. அதனால ஆய்வுக் குழு ஒண்ணு போடறோம். ரெண்டு வருஷத்துல அறிக்கை வந்துடும்."

எல்லோரும் தலையாட்டினார்கள்.

"அப்புறம், இல்வா. உன் தகுதிகாண் காலம் நாளையோட முடியுது. உன்னை வச்சுக்கணும்னுதான் எனக்கு ஆசை. ஆனா கை சரியில்லாத ஒருத்தியைத் தட்டச்சு வேலையில வச்சா, நாம எழுதின வழிகாட்டிக்கே அது விரோதம். உன் நல்லதுக்காகத்தான்."

"அனுப்புறீங்க."

"அப்படிச் சொல்லக் கூடாது. ஓய்வு குடுக்கிறோம்."

"நாளைக்குக் கேக்கு இருக்கும்மா" என்றாள் குனில்லா. அவள் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது.

"போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு பக்கம்" என்றார் ஸ்டாஃபான். "பத்திரிகைக்குக் குடுக்கணும். எழுதிக்கோ. 'மையம் தொடங்கி பதினொரு ஆண்டுகளில், எமது ஊழியர் ஒருவரிடமிருந்துகூடக் கைவலிப் புகார் பதிவானதில்லை.'"

இல்வா எழுதவில்லை. "என்னோடது?"

"உன்னோடது கருத்துச் சுற்றுல இருக்கு. இப்ப ஆய்வுக் குழுவுக்குப் போயிருக்கு. முடிவாகாத வலியை எப்படிப் பதிவுல சேர்க்கிறது?"

"சேர்த்தாச்சு" என்றாள் இல்வா. "காலைல எட்டு மணிக்கு. இந்த ஆபீஸ்ல வர்ற காகிதத்துக்குப் பதிவு எண் போடுறதும் நான்தானே. பணிக் காயப் புகார், டாக்டர் சீட்டு, எனக்கு முன்னாடி இருந்த இருபத்தொரு பேர்ல பதின்மூணு பேர் கையெழுத்துப் போட்ட கடிதம். எல்லாத்துக்கும் எண் விழுந்தாச்சு. ஒரு பிரதி வேலையிடப் பாதுகாப்பு மேற்பார்வை ஆணையத்துக்குப் போயாச்சு."

அறை குளிர்ந்தது. பதிவு எண் விழுந்த காகிதம் அந்த நாட்டில் பொதுச் சொத்து. தெருவில் போகிற எவரும் உள்ளே வந்து பெயர்கூடச் சொல்லாமல் கேட்டு வாங்கிப் படிக்கலாம். அதைக் கிழிக்க ஸ்டாஃபானால் ஆகாது, மந்திரியாலும் ஆகாது. பதினான்கு வல்லுநர்களும் தங்கள் வாழ்நாளில் முதல் முறையாக நிமிர்ந்து, சரியான கோணத்தில் உட்கார்ந்தார்கள்.

"பதின்மூணு பேரா?" என்றார் ஸ்டாஃபான் வறண்ட குரலில்.

"மிச்சம் எட்டுப் பேர்ல மூணு பேரால பேனா பிடிக்க முடியல. அஞ்சு பேரு இன்னும் அகப்படல. தேடுறேன்."

"எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா" என்றாள் குனில்லா. அவளுக்கு உண்மையிலேயே மனசு புண்பட்டுவிட்டது. "எங்க கருத்தைச் சொல்லியிருப்போமே."

இல்வா எழுந்தாள். ஆணியிலிருந்து கோட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். பொத்தான் போட முயலவில்லை.

"இது நம்ம பழக்கமே இல்ல, இல்வா" என்றார் ஸ்டாஃபான் பின்னாலிருந்து. "உட்காரு. எல்லாரும் சேர்ந்து பேசி ஒரு முடிவுக்கு வருவோம்."

"நான் முடிவு பண்ணிட்டுத்தான் சூப்பே குடிச்சேன்" என்றாள் அவள். "உங்க பக்கத்தை நீங்களே தட்டிக்கோங்க, பதினாலு பேரும் சேர்ந்து. ஆனா ஒண்ணு மட்டும் திருத்திப் போடுங்க. பதினொரு வருஷத்துல நீங்க கைவலியை ஒழிக்கல. கை வலிச்சவளை, ஆறு மாசத்துக்கு ஒருத்தியா, கேக்கு வெட்டி ஒழிச்சீங்க."

கதவை இடது கையால் தள்ளித் திறந்துகொண்டு வெளியே போனாள்.