முந்நூறு கார்டும் ஒரு சாய்வெழுத்துப் பெட்டியும்

காலை ஒன்பது மணிக்குச் சாய்வெழுத்துப் பெட்டியில் இங்கிலீஷ் ‘ஏ’ தீர்ந்துபோனது. கல்யாணப் பத்திரிகையில் இன்னும் நாலு வரி பாக்கி. அச்சுக் கோக்கும் நேசமணி பெட்டியில் அந்த எழுத்துக்கான குழியை விரலால் துழாவினான். தூசிதான் வந்தது.

“மொதலாளி, ‘ஏ’ இல்ல” என்றான்.

“நல்லாத் தேடுலே. உள்ளதான் கெடக்கும்” என்றார் தேவஆசீர்வாதம்.

கோவில்பட்டியில் அச்சகம் வைத்திருந்த அவர், பாளையங்கோட்டையில் மூடிப்போன ஓர் அச்சகத்திலிருந்து அந்தப் பெட்டியை வாங்கி வந்திருந்தார். அழகான இங்கிலீஷ் எழுத்து. காலுக்குக் கால் சின்னப் பாதம் வைத்து, காற்றில் கம்மங்கதிர் மாதிரி எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கும். எண்ணிக்கைதான் கொஞ்சம்.

பத்திரிகைக்குச் சொன்னவர் புதூர்ப் பக்கத்துச் சங்கரபாண்டியன். மகளுக்குக் கல்யாணம்.

“பக்கத்துச் சொந்தத்துக்கு நேர்ல போயி வெத்தலை பாக்கு வச்சாச்சு. இது தபால்ல போறவங்களுக்கு. முந்நூறு. இங்கிலீஷ்லதான் இருக்கணும், இந்தச் சாஞ்ச எழுத்துலதான் இருக்கணும்” என்று கண்டிப்பாகச் சொல்லி, விலாசம் எழுதித் தபால்தலை ஒட்டிய உறைகளையும் கையோடு கொடுத்துவிட்டுப் போயிருந்தார். இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு வருவார்.

சங்கரபாண்டியன் என்றால் சும்மா இல்லை. முன்பு எங்கோ ஒருவன் மாப்பிள்ளை பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டதற்கு, அந்த ஈய எழுத்தை அவனையே விழுங்க வைத்தார் என்று பேச்சு. நிசமோ பொய்யோ, நேசமணி அதை நம்பினான்.

‘ஏ’ இல்லாத இடங்களில் அவன் நிமிர்ந்த ‘ஏ’யைப் போட்டான். புரூஃப் எடுத்துப் பார்த்தால், எல்லாரும் படுத்திருக்கும் வரிசையில் போலீஸ்காரன் எழுந்து நிற்பது போல் இருந்தது.

“எழும்பி நிக்குதவன எல்லாம் சாச்சு வையிலே. அடியில பேப்பர மடிச்சுச் சொருகு” என்றார் முதலாளி.

சொருகினான். ‘ஏ’ சாய்ந்தது. பக்கத்து எழுத்தும் சாய்ந்தது. சட்டத்தை இறுக்கி மெஷினுக்குத் தூக்கியபோது வரி நெளிந்து, மொத்தமும் சடசடவென்று தரையில் கொட்டியது.

பொறுக்கும்போதுதான் அவன் பார்த்தான். இந்த எழுத்தில் ‘எஃப்’புக்கு மட்டும் மூக்கு உடம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். விழுந்த வேகத்தில் அத்தனை ‘எஃப்’புக்கும் மூக்கு போயிருந்தது.

“ஏசப்பா! எத்தனைய விழுங்கச் சொல்லுவாரோ!”

“பொலம்பாதலே. நிமிந்த எழுத்துல முழுசும் கோத்துரு.”

“அவிய சாஞ்சதுல்லா கேட்டாவ?”

முதலாளிக்கும் பயம் வந்துவிட்டது. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு பத்திரிகை வாசகம் எழுதிய தாளைத் திருப்பினார். வக்கீல் குமாஸ்தாவிடம் கொடுத்து இங்கிலீஷ் ஆக்குவதற்கு முன் எழுதிய தமிழ் பின்பக்கம் இருந்தது.

“கேட்டதுக்கு மேல குடுத்துட்டா கோவம் வராதுலே. பின்னால இதையும் அடி. பெரிய எழுத்தாப் போடு. கண்ணு தெரியாத கெழவனும் வாசிக்கணும். தேதி, நேரம், எந்த பஸ்ஸுல வரணும், எல்லாம் போடு.”

நேசமணி மத்தியானச் சாப்பாட்டை மறந்து கோத்தான், அடித்தான், விசிறியால் வீசிக் காயவைத்தான். மூன்றரை மணிக்கு முந்நூறும் முடிந்தது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சாயவில்லையே!

முதலாளி இன்னொரு வழி சொன்னார்: “தபால்ல போட்டுட்டு வந்துரு. போனதத் திருப்பி அடின்னு யாரும் சொல்ல முடியாதுல்லா?”

நாலு மணித் தபாலில் முந்நூறும் போயின. தேவஆசீர்வாதத்துக்குத் திடீரென்று மணியாச்சியில் அவசர வேலை வந்து, அவரும் போய்விட்டார்.

நேசமணி மட்டும் இருந்தான். எதற்கும் இருக்கட்டும் என்று இருப்பதிலேயே மெல்லிய எழுத்தாக ஓர் இங்கிலீஷ் ‘ஐ’யைப் பொறுக்கி, பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீரும் வைத்துக்கொண்டான்.

ஐந்து மணிக்குக் கார் வந்தது. சங்கரபாண்டியன் உள்ளே வந்தார். பின்னாலேயே டிரைவர் கடற்கரை. மாதிரிக்கு வைத்திருந்த கார்டை நேசமணி இரண்டு கையாலும் நீட்டினான்.

“எழுத்து சாயலியே?”

“பின்னால திருப்பிப் பாருங்கய்யா… தமிழ்லயும் அடிச்சிருக்கேன். பஸ்ஸு நேரம் உட்பட.”

திருப்பினார். உதடு அசைய வாசித்தார். மீசைக்கு மேல் வியர்வை துளிர்த்தது.

“மத்ததெல்லாம் எங்க?”

“உங்களுக்குச் சிரமம் வேண்டாம்னு… நாலு மணித் தபால்ல போட்டுட்டேன்யா. முந்நூறும்.”

சங்கரபாண்டியன் காகிதக் கட்டின் மேல் தொப்பென்று உட்கார்ந்தார். நேசமணி கண்ணை இறுக மூடி, ‘ஐ’யை வாயருகே கொண்டுபோனான். கண்ணைத் திறந்தால், சங்கரபாண்டியன் அந்தத் தம்ளரை எடுத்துத் தண்ணீரை மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தார்.

கடற்கரை நேசமணியின் காதருகே குனிந்தான்.

“என்ன அண்ணாச்சி இப்பிடிப் பண்ணிட்டீய? மழை இல்லாத வருசத்துல அத்தன பேருக்கும் சோறு போட முடியுமா? பத்திரிகை வரலைன்னு ஒருத்தரும் கேட்டுறக் கூடாது, வாசிச்சுப் பாத்து ஒருத்தரும் வந்துறவும் கூடாதுன்னுதானே எங்க மொதலாளி தேடித் தேடி இந்த எழுத்தப் பிடிச்சாவ!”